மெயினை இறக்கிய சித்ராதேவி

ஏற்காட்டு ஏரியும் மலைமேல் நடக்கிற பாதையும் சித்ராதேவிக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் வந்தது புருஷனைத் தூங்க வைக்க. குணாவுக்குத் திருப்பூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் பதினோரு வருஷமாக நைட் ஷிப்ட். பகலில் தூங்கலாமென்றால் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். டைல்ஸ் அறுக்கும் மெஷின் அலறும், நிற்கும், மறுபடி அலறும். நாலு மாசமாக அவன் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலக் கண் மூடவில்லை. போன வாரம் பைக்கோடு சாக்கடையில் விழுந்தான்.

லாட்ஜில் தங்கிய முதல் இரவு விடிந்தது. மணி ஆறு. ஒட்டினாற்போல எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கான்கிரீட் மிக்ஸர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. சித்ராதேவிக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினாள்.

கட்டட வாசலிலேயே பலகை இருந்தது: ‘வேலை நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை.’

“ஏனுங்க, இந்தப் பலகை யாருக்குங்க? கொரங்கு படிக்கறதுக்குங்களா?”

மேஸ்திரி திருமூர்த்தி திருப்பூர்ப் பக்கத்துக் குன்னத்தூர்க்காரர். பேச்சைக் கேட்டதும் சிரித்தார். “நம்மூருங்களா! ஒண்ணரை ஷிப்ட் போட்டாத்தானுங்க வேலை முடியும். உங்களுக்குத் தெரியாததுங்களா?”

ஒன்றரை ஷிப்ட்! குணாவைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கிற அந்தச் சனியன் மலையேறி வந்தும் விடவில்லை. திட்டும்போதும் ‘ங்க’ போடுகிற தன் நாக்கின்மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. விறுவிறுவென்று போய்க் கரண்ட் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அதை மறைத்து நின்றாள்.

“கலவை இறுகிருமுங்க!”

“இறுகட்டுங்க. எட்டு மணிக்கு ஒடச்சுக்கங்க.”

மிக்ஸர் நின்று பத்து விநாடி இருக்காது. லாட்ஜ் கதவு படாரென்று திறந்தது. லுங்கியோடு குணா ஓடிவந்தான், கண் பாதிதான் திறந்திருந்தது.

“எந்த மெஷினு நின்னுச்சு? நூல் அந்துருச்சா?” அவன் விரல்கள் காற்றில் நூல்முனையைத் துழாவின.

சித்ராதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. நூல் அறுந்தால் நிட்டிங் மெஷின் தானாக நின்றுவிடும். நின்றால் அவன் ஓட வேண்டும். மிக்ஸர் ஓடியவரை நன்றாகத் தூங்கியிருக்கிறான். ஊரிலும் அவனை எழுப்பியது சத்தம் அல்ல, சத்தம் நிற்கிற நிமிஷம்.

உழைப்பைத்தானே சம்பளத்துக்குக் கொடுத்தோம், தூக்கத்தையும் பிடுங்கிக்கொண்டார்களே பாவிகள்! யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அழுகை வந்தது, அதுவும் ஆத்திரமாகவே வந்தது.

மெயினைத் தூக்கிவிட்டாள். “ஓட்டுங்க,” என்றாள் மேஸ்திரியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. “அவரு தூங்கோணும். நடுவுல நிறுத்துனீங்க, அப்பறம் இருக்குது உங்களுக்கு!”