முன்கூட்டிச் செலுத்திய நேர்த்திக்கடன்

அப்பா வேலை பார்த்த நூல் மில்லை மூடிய வருடம்தான் எங்கள் வீட்டுக்கு அரசாங்கத்தின் இலவச டிவி வந்தது. இரண்டில் எது அதிகக் கெடுதல் செய்தது என்று அம்மாவுக்குக் கடைசிவரை தீர்மானமாகவில்லை.

மில்லில் அப்பாவுக்கு, ஓடுகிற இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. ஒரு ஷிப்டுக்குள் தேனியிலிருந்து வீரபாண்டிக்குப் போய்த் திரும்புகிற தூரத்தை நடந்துவிடுவதாகப் பெருமையடிப்பார். அப்படிப்பட்ட மனிதர் மில் மூடியதும் ஒயர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் மாதம், பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஆறாவது மாதம், குளிக்கச் சொல்லி அம்மா கெஞ்ச வேண்டியிருந்தது. டிவி பார்த்தார் என்றும் சொல்ல முடியாது. கரண்ட் போன பிறகும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண்தான் அவரை இப்படி ஆக்கிவிட்டது என்று உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒருநாள் அவரைத் தேனிக்கு இழுத்துப் போய் டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கவும் சொன்னார். மாத்திரையை அம்மா வேளை தவறாமல் கொடுத்தாள். நடக்கச் சொன்னதை மட்டும் யாரும் வைத்தியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடமலைக்குண்டிலிருந்து பார்க்க வந்த அத்தை, அப்பாவின் அக்கா, கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"நடக்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? அத நான் கடமலைக்குண்டுலருந்தே சொல்லியிருப்பேனே!"

சிரித்த அத்தையே கொஞ்ச நேரத்தில் சமையலறையில் அம்மாவோடு சேர்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் இருக்கிற திசைக்குக் கும்பிட்டு நின்று சத்தமாக நேர்ந்துகொண்டாள்.

"ஆத்தா, எந்தம்பி பழையபடி எந்திரிச்சு நடமாடட்டும். அவனே ஆத்துல தண்ணி மோந்து ஒன் கம்பத்துக்கு ஊத்துவான்."

வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே அத்திமரக் கம்பம் நட்டுவிடுவார்கள். திருவிழா முடிகிறவரை சனம் முல்லையாற்றில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு தண்ணீர் கொண்டுபோய் அதற்கு ஊற்றும். எங்கள் ஊரிலிருந்து கோயில் இரண்டு மைல். நினைத்தது நடந்த பிறகு செலுத்துவதுதான் நேர்த்திக்கடன் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியாது. அத்தை நேர்ந்துவிட்டாள், கம்பமும் நட்டாயிற்று, இன்னும் இந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் எனக்குப் பதறியது. அத்தை ஊருக்குப் போன மறுநாள் காலையில், டிவியை மறைத்துக்கொண்டு அப்பாவின் முன்னால் நின்றேன்.

"அத்தை நேந்துட்டுப் போயிட்டாக. நீங்க தெனமும் கம்பத்துக்குத் தண்ணி ஊத்தணுமாம். ஊத்தலைன்னா எனக்கு அம்மை போட்டுருமாம்."

கடைசி வாக்கியம் நானாகச் சேர்த்தது. கொஞ்சம் காரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்பா என்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முதல் நாள் போன கதையைச் சொன்னால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வழியில் இருந்த ஒவ்வொரு பாலத்துச் சுவரிலும் உட்கார்ந்தார். நான் கையில் கலயத்தோடு, "இப்படிப் போனா திருவிழாவே முடிஞ்சிரும்" என்று மாமியார் மாதிரி இடித்துக்கொண்டே போனேன். ஆற்றில் முங்கினார், தண்ணீர் ஊற்றினார், திரும்பினார். வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் விழுந்தார். ஆனாலும் ஒன்று உண்டு. கெஞ்சாமலே குளியல் முடிந்திருந்தது.

நாலைந்து நாளில் பாலங்கள் குறைந்தன. ஒரு காலை வாழைத்தோப்பைத் தாண்டும்போது, "காத்துல குலை சாஞ்சிருக்கு பாரு, முட்டுக் குடுக்காம விட்டுட்டாக" என்றார். என்னிடம்தான் சொன்னாரா என்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து இரண்டாவது முறை சோறு கேட்டார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. ஒருநாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். கூப்பிட்டேன், உலுக்கினேன், அசையவில்லை. என் பொய்யை நானே நம்பிப்போயிருந்ததால், கையிலும் கழுத்திலும் அம்மைக் கொப்புளம் தேட ஆரம்பித்து ஓவென்று அழுதேன். பதினோரு மணி வெயிலில் எழுந்து வந்தார். "அழுகாத, வா" என்றார். தார் ரோட்டில் கால் பொத்துப்போகாமல் இருக்க ஓரத்துப் புல்லாகப் பார்த்து நடந்தோம். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

திருவிழாவுக்கு அத்தை வந்து இறங்கினாள். கோயில் கூட்டத்துக்குள் ஈர வேட்டியோடு கலயம் ஏந்தி வந்த தம்பியைக் கண்டதும் வாயில் கை வைத்தாள். சந்தோஷம் முதலில் வந்தது. அம்மா விவரம் சொன்ன பிறகுதான் கணக்குப் பிசகியது உறைத்தது.

"ஏலே, மூணு வாரமா ஊத்துறியா? எந்திரிச்சு நடமாடுனப்பெறகு ஊத்துறதாத்தானடா நேந்தேன்!"

"எந்திரிச்சாத்தானக்கா ஊத்த முடியும்" என்றார் அப்பா.

அத்தை சிரித்தாள், அம்மா சிரித்தாள். நான் முதுகில் அடி விழும் என்று அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடி விழவில்லை. வீரபாண்டிப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு நேர்த்திக்கடனின் முறை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் ஏன் என் பின்னால் வந்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

திருவிழா முடிந்தது. இனி ஊற்றக் கம்பம் இல்லை. மறுநாள் காலை நன்றாகத் தூங்கலாம் என்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். அப்பா வந்து தோளைத் தொட்டார்.

"வாத்தா, போவோம்."

"எங்கன?"

"சும்மா, நடந்துட்டு வருவோம்."

"அதான் நேத்திக்கடன் முடிஞ்சிருச்சுல்ல? சும்மா எதுக்கு நடக்கணும்?" என்று எரிந்து விழுந்து, போர்வையை இழுத்துக்கொண்டேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். அம்மா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் போன தெருவையே பார்த்து நின்றாள். அவள் தோள் குலுங்கியது. எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

"கதவச் சாத்தும்மா, வெளிச்சம் கண்ணுல அடிக்குது" என்றேன்.

அம்மா சாத்தவில்லை.