கிழங்கு அவித்த தண்ணீர்

இணுவிலில் என் கணவருக்குச் செம்மண் தோட்டம் இருந்தது. மாரி ஓய்ந்ததும் உருளைக்கிழங்கு நடுவார். கிழங்கு வாய்வு என்று யாராவது சொன்னால் அவரால் பொறுக்க முடியாது.

"எண்ணெயிலை பொரிச்சுத் தின்னுறாய், வாய்வு வராமல் என்ன வரும்? தோலோடை அவிச்சுச் சாப்பிட்டுப் பார்," என்பார்.

அவர் அப்படித்தான் சாப்பிட்டார். உப்பும் மிளகும் தூவி, வரம்பில் குந்தியிருந்து சுடச்சுட. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தத் தோட்டத்தைத்தான் அவர் பிள்ளை மாதிரிப் பார்த்தார்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு கொழும்புப் பாதை மூடப்பட்டது. மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணீர் இறைக்கும் மிசின் நின்றுபோனது. அவரும் அவருடைய தம்பியும் மறுபடி கிணற்றுத் துலா மிதித்து இறைத்தார்கள். அந்தக் காலத்தில்தான் ஒருநாள் அவருடைய கால் செருப்புக்குள் நுழையவில்லை. வெயிலுக்குள் நின்ற வீக்கம் என்றார். முகமும் ஊதிய பிறகு, தம்பி அவரைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் இன்னொரு சைக்கிளில் பின்னால் போனேன்.

டொக்டர் இளம் வயதுக்காரர். இரத்தம் சோதித்த பிறகு, என்ன தொழில் என்று கேட்டார்.

"தோட்டம். உருளைக்கிழங்கு," என்றார் என் கணவர்.

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஐயா, கிழங்கு நல்ல சாப்பாடு. மற்ற ஆக்களை நான் சாப்பிடச் சொல்லுவன். பொட்டாசியம் எண்டு ஒரு சத்து அதிலை நிறைய இருக்கு. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியிலை விட்டிடும். உங்கடை சிறுநீரகம் பழுதாப்போச்சு, அதாலை ஏலாது. ரத்தத்திலை அது கூடினால் இதயம் நிண்டிடும்."

"கொஞ்சமும் சாப்பிடக் கூடாதோ?"

"கூடாது ஐயா. இளநீர், வாழைப்பழமும் அப்பிடித்தான்."

வீட்டுக்குத் திரும்பிப் படலையைத் திறக்கும்போது, "இந்தமுறை பயிர் நல்லாய் நிக்குது," என்றார்.

அரிசி தட்டுப்பாடான காலம். போன போகத்துக் கிழங்கு மட்டும் அறைக்குள் மணலில் பரவிக் கிடந்தது. கிடைத்த அரிசியை அவருக்குச் சமைத்தேன். நான் கிழங்கைச் சாப்பிட்டேன். ஒருநாள் என் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டார்.

"எனக்குச் சோறு, உமக்குக் கிழங்கோ?"

"எனக்கு விருப்பமப்பா."

"எனக்கும் விருப்பம்தான்," என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்த ஒரு தாதியிடம் அழாக்குறையாகக் கேட்டேன். அந்தப் பிள்ளை ஒரு வழி சொல்லித் தந்தது. கிழங்கின் தோலைச் சீவி, மெல்லிசாக வெட்டி, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அதையும் வடித்துவிட வேண்டும். பொட்டாசியத்தில் பாதியாவது தண்ணீரோடு போய்விடும். பிறகு கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

அப்படியே செய்து, மசித்துக் கொடுத்தேன். உப்பும் போடக்கூடாது. ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது வேறை ஆரின்ரையோ தோட்டத்துக் கிழங்கு," என்றார். ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இரத்தம் சுத்திகரிக்கும் மிசினுக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்று டொக்டர் சொன்னார். அப்போது கடல்நீரேரியைப் படகில் இரவில் கடக்க வேண்டும். கடற்படையின் சூடுபட்டு விழுந்தவர்களின் கதைகளைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தோம். தம்பி படகுக்காரரிடம் கதைத்து வந்தார். நான் பையில் உடுப்பு அடுக்கினேன். என் கணவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"மூச்சே விட ஏலாமல் கிடக்கு. கடலுக்கை போனால் உமக்கு என்ரை உடம்பும் கிடையாது."

"உங்கடை உடம்பை வைச்சு நான் என்ன செய்யிறது? நீங்கள் வேணும்," என்று கத்தினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போகவில்லை.

தை கழிந்து ஒரு மத்தியானம், கிழங்குக்கொடி பழுத்துவிட்டதா என்று பார்த்துவரச் சொன்னார். கொடி பழுத்தால்தான் கிழங்கு கிண்டலாம். போய்ப் பார்த்தேன். பாதி மஞ்சள். ஓடிவந்து, "இன்னும் ஒரு கிழமை செல்லும்," என்றேன். அவருடைய கண் திறந்தபடியே இருந்தது.

அவருடைய எட்டாம்நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு தம்பி கிழங்கு கிண்டினார். நல்ல விளைச்சல். விற்க எனக்கு மனம் வரவில்லை. வடக்குக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அங்கே கொண்டுபோனோம். ஒரு தாய், கை கால் சூம்பிய குழந்தையோடு வந்தாள்.

"இவனுக்கு இதை எப்பிடிக் குடுக்கிறது அக்கா?"

"தோலோடை அவியுங்கோ பிள்ளை. அவிச்ச தண்ணியை ஊத்திப் போடாதையுங்கோ. சத்து அதுக்கைதான் இறங்கும். அதிலையே மசிச்சுக் குடுங்கோ."

சொல்லும்போதே நான் நிலத்தில் குந்திவிட்டேன். எத்தனை சட்டித் தண்ணீரை வேலிக்கரையில் ஊற்றியிருப்பேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் களைத்துவிட்டேன் என்று நினைத்து, குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். பாரமே இல்லாத குழந்தை. என் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாரி முடிந்ததும் தம்பி வந்து வாசலில் நின்றார். விதைக்கிழங்கு எங்கேயும் இல்லை, புகையிலை நடட்டோ என்று கேட்டார்.

"நடுங்கோ," என்றேன்.