வள்ளியின் வலது கால்

என் மனைவி புஷ்பவள்ளியைப் பற்றி எழுது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எங்கள் வட்டாரமான பெர்மாஸ் ஜெயாவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் ஒரு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் என் வேனைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள். எழுதி வைத்துவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

வள்ளிக்கு நாற்பத்து மூன்று வயது. பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்த பிறகு, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பதினாறு வருஷம், விடிவதற்கு முன்பே கிளம்பி, மோட்டாரில் பாலத்தைக் கடந்து போய் வந்தாள். எங்கள் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தான். அந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் முழங்கையோடு முழங்கை உரசி நகரும். அதில் சந்து பார்த்து நுழைவதில் வள்ளி கெட்டிக்காரி. நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன், சாலை எனக்கும் அத்துப்படி. ஆனாலும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டேன்.

போன வருஷம் ஒரு மழை நாளில், மேம்பாலத்து இறக்கத்தில், முன்னால் போன லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. வள்ளி வலது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பின் சக்கரம் வழுக்கிவிட்டது. காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. ஐந்து மாதத்தில் எலும்பு கூடிவிட்டது, இனி ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் கால் கேட்கவில்லை. சமதளத்தில் நன்றாகத்தான் ஓட்டினாள். பெர்மாஸ் பாலத்தின் இறக்கம் வந்ததும் வலது கால் தானாகப் பிரேக்கின் மேல் போய் அழுந்திக்கொண்டது. நடு ரோட்டில் மோட்டார் நின்றது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அன்றைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான்தான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு பஸ்தான். பஸ் என்றால் அதிகாலை நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும், வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. சாப்பிடும்போதே தூங்கி விழுவாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு நிம்மதி. அவள் பஸ்ஸில் போனால் நான் பயப்படாமல் வேன் ஓட்டலாம். அதனால் என் கூட்டாளி அய்யாவு மோட்டாரைக் கேட்டபோது, மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். வள்ளியைக் கேட்காமல் சொன்னதுதான் தப்பு.

"என் மோட்டார விக்கிறதுக்கு நீங்க யாரு?" என்றாள்.

"ஓட்டாத மோட்டார வெச்சி என்ன பூஜையா பண்ணப் போற?" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பழக்கம்.

"பார்க்குல அந்தச் சறுக்கு மேடை இருக்குல்ல, பிள்ளைங்க பலகையில நின்னு இறங்குறது. மாசக் கடைசிக்குள்ள அதுல நான் இறங்கிட்டா மோட்டார் எனக்கு. இறங்க முடியலன்னா அய்யாவு அண்ணன் எடுத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, எனக்குத் தெரியாமல் அவள் இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்க்கொண்டிருக்கிறாள். காலை நடைக்குப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சமீரா என்ற பெண் அங்கே பெண்களுக்கு மட்டும் ஸ்கேட்போர்டு சொல்லித் தருகிறாள். சாப்பாட்டுக்கடை நைனா முகம்மதுவின் மகள். வார நாட்களில் போன் கடையில் வேலை, ஞாயிறு காலையில் தலையை மூடிய தூடோங்கின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சறுக்கு மேடையில் நிற்பாள். வகுப்பில் மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், நம் பெண்கள் என்று எட்டுப் பேர். எல்லாரிலும் மூத்தவள் வள்ளிதான். சமதளத்தில் உருளவும் வளையவும் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். மீதி இருந்தது அந்த மேடையிலிருந்து இறங்குவது மட்டும்.

மேடை என் நெஞ்சு உயரம் இருக்கும். மேலே தட்டையான இடம், அதன் விளிம்பில் ஓர் இரும்புக் குழாய், அங்கிருந்து கீழே வளைந்து இறங்கும் சிமெண்டுச் சரிவு. பலகையின் பின்பகுதியை ஒரு காலால் குழாயின் மேல் அழுத்திப் பிடித்தால் முன்பகுதி காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த காலை முன்பகுதியில் வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் முன்னால் போட்டு, ஒரே மிதி. அவ்வளவுதான். பலகை சரிவைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். பயந்து பின்னங்காலை அழுத்தினால் பலகை முன்னால் பாய்ந்துவிடும், ஆள் மல்லாந்து விழ வேண்டியதுதான்.

வள்ளி விழுந்தாள். நான் கூடப் போன முதல் ஞாயிறு மட்டும் பதினோரு தடவை விழுந்தாள். சமீரா இரண்டு கையையும் பிடித்து இழுத்தால் அழகாக இறங்கிவிடுவாள். கையை விட்டால் தொப்பென்று உட்காருவாள்.

"முன்னங்கால் அக்கா! முன்னங்கால்! பிஜாக்! பிஜாக்!" என்று சமீரா கத்துவாள். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாய்ச் சொல்லிலேயே கத்துவது அவள் வழக்கம். பிஜாக் என்றால் மிதி.

அடுத்த ஞாயிறும் அதே கதை. நான் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ டீ குடித்துக்கொண்டு, அடுத்து எந்த எலும்போ என்ற பயத்தில் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். வள்ளி இடது காலை முன்னாலும் வலது காலைப் பின்னாலும் வைத்து நிற்கிறாள். உடம்பு சரியாக முன்னால் சாய்கிறது. சமீரா 'பிஜாக்' என்று கத்தும் நொடியில் வலது கால் அழுந்துகிறது. ஒவ்வொரு தடவையும் அதே கால், அதே நொடி.

தே ஓ சட்டையில் சிந்தியது. ஏனென்றால் அந்தச் சொல்லை அந்தக் காலுக்குள் போட்டவன் நான்தான். கல்யாணமான புதிதில் அவளுக்கு மோட்டார் பழக்கியது நான். பிரேக் வலது காலில். பின்னால் உட்கார்ந்துகொண்டு, சந்தி வந்தால் பிஜாக், நாய் வந்தால் பிஜாக், ஒன்றும் வராவிட்டாலும் பிஜாக் என்று மூன்று மாதம் அவள் காதில் கத்தியிருக்கிறேன். மற்ற பெண்களுக்குப் பிஜாக் என்றால் மிதி. என் வள்ளியின் காலுக்கு அது பிரேக். பாவம் சமீரா, முன்னால் போ என்று நினைத்துக் கத்துகிறாள், நில் என்று கால் கேட்கிறது.

சொல்லியிருக்கலாம். நாலு எட்டு நடந்து போய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. மாதக் கடைசிக்கு மூன்று ஞாயிறுதான் பாக்கி. இப்படியே விழுந்துகொண்டிருந்தால் மோட்டார் அய்யாவுவிடம் போய்விடும், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மனம் கணக்குப் போட்டது. நான் நல்லவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது அந்த பெஞ்சிலேயே போய்விட்டது.

அதற்கடுத்த ஞாயிறு முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. வீட்டில் நான் மருந்து போட்டுவிட்டேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "சரி, விடுங்க. அய்யாவு அண்ணன்கிட்ட சாவியக் குடுத்துடுங்க. என்னால முடியல" என்றாள்.

நான் ஆசைப்பட்ட வார்த்தை. காதில் விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பதினாறு வருஷம் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து போய் வந்தவள், முடியல என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைச் சொல்ல வைத்தது சரிவு அல்ல, நான்.

"உன் கால்ல தப்பில்ல வள்ளி. அந்தச் சொல்லுலதான் தப்பு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்றால், ஒன்றைத் தவிர. ஒரு வாரமாகத் தெரியும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

அவள் எழுந்து நின்று இரண்டு காலையும் தரையில் வைத்துப் பார்த்தாள். "பிஜாக்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வலது பாதம் அழுந்தியது. அவளே குனிந்து அதை வேடிக்கை பார்த்தாள்.

"அலமாக்! இந்தக் காலு இன்னும் அந்த மழையிலயே நின்னுக்கிட்டு இருக்குங்க" என்றாள்.

அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு ஏதாவது கத்தச் சொல்லலாம் என்றேன் நான். வள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. "எதுக்கு? மிதிக்கத் தெரிஞ்ச காலு அதுதானே. அதையே முன்னால வெச்சிட்டாப் போச்சு" என்றாள். எனக்கு இந்த யோசனை வந்திருக்காது. நான் கோளாறைத்தான் கண்டுபிடித்தேன். வைத்தியம் அவளுடையது.

சமீராவுக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, "வலது கால் முன்னால வெக்கிறவங்களும் இருக்காங்க அக்கா, அதுக்கு கூஃபின்னு பேரு. ஆனா எல்லாத்தையும் மொதல்லேருந்து பழகணும் லா. ரெண்டு வாரம்தான் இருக்கு, முடியுமா?" என்று கேட்டாளாம். முடியும் என்று வள்ளி சொல்லிவிட்டாள். அந்த இரண்டு வாரமும் வேலை முடிந்து வந்ததும் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பலகையோடு நின்றாள். நான் என் வேனை வெளியே நிறுத்திவிட்டு இடம் கொடுத்தேன். சோறும் நானே ஆக்கினேன். குற்றம் செய்தவன் வேறு என்ன செய்வான்.

மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தது. அய்யாவு சொன்னபடி கையில் ஹெல்மெட்டோடு பூங்காவுக்கே வந்துவிட்டான். நான் ஓட்டிவந்திருந்த மோட்டாரை அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போகிற உத்தேசம். வள்ளி மேடையில் ஏறி, பலகையை வைத்து, இடது காலால் பின்பகுதியை அழுத்தி நின்றாள். சமீரா வாயைத் திறக்கப் போனாள். வள்ளி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ வேணாம் சமீரா. அவரு கத்தட்டும்" என்றாள்.

எட்டுப் பெண்களும் அய்யாவுவும் என்னைப் பார்த்தார்கள். கத்தினால் அவள் இறங்கிவிடுவாள், நாளைக்கே மோட்டாரை எடுத்துவிடுவாள் என்று தெரியும். வலது காலை அவள் முன்னால் தூக்கி வைத்தாள். என் கண்ணையே பார்த்தாள்.

"பிஜாக்!" என்று கத்தினேன். பார்க்கிலிருந்த புறாக்களெல்லாம் பறந்துவிட்டன.

வலது கால் அழுந்தியது. பலகை விளிம்பைத் தாண்டிச் சரிவில் தலைகுப்புறச் சாய்ந்தது. வள்ளியும் அதோடு சாய்ந்தாள், பின்னால் இழுக்கவில்லை. சக்கரங்கள் சிமெண்டில் கரகரவென்று உரசும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி அவள் கீழே, சமதளத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நின்றபடியே என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். எப்படி நிறுத்துவது என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை போலிருக்கிறது. அய்யாவுதான் ஓடிப்போய்ப் பிடித்தான். பெண்கள் எல்லாரும் ஓவென்று கூச்சல் போட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் பொண்டாட்டி, என் பொண்டாட்டி என்று முன்பின் தெரியாத ஒரு சீனப் பெரியவரிடம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் தலையாட்டினார்.

"நான் வேற மோட்டார் பாத்துக்குறேன் அண்ணே" என்றான் அய்யாவு. அவனுக்கும் சிரிப்புத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஒன்றையும் சொல்லிவிட்டேன். "எனக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரியும் வள்ளி. நீ மோட்டார எடுத்துடுவியேங்கிற பயத்துல சொல்லல."

அவள் முழங்கைக் காயத்தைத் தடவிப் பார்த்தாள். கோபம்தான், முகத்தில் தெரிந்தது. "இது உங்களால வந்ததா?" என்றாள். ஆமாம் என்றேன். "இனிமே காலையில பசியாற நீங்கதான் செய்யணும்" என்றாள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மறுநாள் அதிகாலை, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு மோட்டாரில் கிளம்பினாள். அவள் போய்ப் பத்து நிமிஷத்தில் மழை பிடித்துக்கொண்டது. வேனைத் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன், போனை எடுத்தேன், வைத்தேன். ஆறே காலுக்கு, முதல் பிள்ளையை ஏற்றப் போகும் வழியில், செய்தி வந்தது.

"நல்ல மழை. இறக்கத்துல மெதுவா இறங்கினேன், நிக்கல. வந்து சேந்துட்டேன்."

வேனை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முதல் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம் தாமதமாகிவிட்டது. பிள்ளையோடு குடை பிடித்து நின்ற அம்மா, ஏன் லேட்டு என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரி மோட்டார்ல சிங்கப்பூருக்குப் போய்ச் சேந்துட்டா மா" என்றேன்.

அதிலென்ன அதிசயம் என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். நியாயம்தான், இந்த ஊரில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் போகிறார்கள்.