சுரண்ட விடாத பெயிண்ட்

போன வாரம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு ஷேர் வேனில் போனேன். டிரைவர் பாட்டுப் போட்டார். பாட்டுக்கு அடியில் கொசு பறப்பது போல மெல்லிசாக ஓர் இரைச்சல். அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் 'ஙொய்' என்று ஏறியது. பக்கத்து சீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பாட்டு செட்டின் எர்த் ஒயர் சரியில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை.

அந்த இரைச்சல் எனக்குப் பழைய பழக்கம். பெரம்பலூரில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் கடையில் வேலை பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த உடனே ராக்கெட் விட்டவன் மாதிரி நடந்த வயசு. எங்கள் அண்ணன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரில் கிடந்து உழைத்தவர். வீடு திரும்பும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். "தாத்தா வந்துட்டாரு" என்று அண்ணி சிரிப்பார். போதும் இந்தப் பிழைப்பு என்று வேலையை விட்டுவிட்டு, பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டக் கிளம்பினார். டிக்கிக்குள்கூடப் புதுப் பெயிண்ட். அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பாட்டு நன்றாக இருந்தால்தான் கல்யாண வீட்டார் வண்டி எடுப்பார்கள் என்று, என்னை ஆம்ப்ளிஃபயர் மாட்டச் சொன்னார்.

டிக்கியில் மாட்டினேன். எர்த் ஒயரை முடுக்கும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பாட்டோடு இரைச்சலும் வரும். நான் உப்புத்தாளை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூசை போடாத வண்டிடா. மொதக் கீறல நீயா போடுவ? அதுமேலயே முடுக்கு."

என்ன நியாயம் இது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான். முடுக்கினேன்.

திருமழபாடி கோயிலில் பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். பிள்ளையார் பாட்டு ஒலித்தது. வண்டி வேகமெடுத்ததும் 'ஙொய்' கிளம்பியது.

"என்ன தம்பி, இப்படிக் கத்துது?" என்றார் அண்ணி.

"ஒங்க வூட்டுக்காரரையே கேளுங்கண்ணி. சுரண்ட வுட்டாரா?"

"எங்கடா கத்துது? பாட்டு கணீர்னுதான கேக்குது" என்றார் அண்ணன்.

வீம்பு பிடிக்கிறார் என்றே நினைத்தேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்தபடி ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். எங்களுக்குப் பல் கூசியது. "ஒண்ணுமில்லியேடா" என்றார். முகத்தில் விளையாட்டு இல்லை.

அண்ணி மெதுவாகச் சொன்னார். "குக்கர் விசிலும் இவருக்குக் கேக்கறதில்ல தம்பி. வேணும்னே காதுல வாங்கிக்க மாட்டேங்குறாருன்னு நாந்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அண்ணன் இறங்கி, டிக்கியைத் திறந்து, தானே அந்தப் பெயிண்ட்டைச் சுரண்டினார். வேண்டியதற்கு மேலேயே சுரண்டினார். நான் எர்த்தை முடுக்கியதும் இரைச்சல் அடங்கியது. "போயிடுச்சா?" என்று எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

கிரஷர் சத்தம் காதைத் தின்றுவிட்டது, இனி திரும்பாது, இன்னும் குறையும் என்றார் திருச்சி டாக்டர். குறைந்தது. கல்யாண வீடுகளில் அவருக்கு நாதஸ்வரம் முதலில் போனது, தவில் ரொம்ப நாள் நின்றது. வண்டிப் பாட்டில் 'தம் தம்' என்று அதிரும் பேஸைக் கூட்டிக் கூட்டி வைப்பார். பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்காமல் போன ஒரு நாள், வண்டிச் சாவியைக் கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று விட்டுவந்த வேலை கூடவே வந்து, ஆசைப்பட்ட வேலையையும் பிடுங்கிக்கொண்டது. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வண்டியை விற்கும்போது, ஆம்ப்ளிஃபயரையாவது கழற்றி வைக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். "எனக்கெதுக்குடா அது" என்றார்.

இப்போதெல்லாம் கார்கள் கம்பெனியிலிருந்தே செட்டோடு வருகின்றன. நான் வேலை பார்த்த கடை இல்லை. அண்ணனும் போன ஐப்பசியில் போய்விட்டார்.

வேன் அரியலூரில் நின்றது. இரைச்சலும் நின்றது. "எப்படி சார் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியேங்க" என்றேன்.