மஸ்கட் அக்காவின் கார்ட்லெஸ்

மாலை ஐந்தே முக்கால். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டவர் மஸ்கட் அக்கா. பின்வீட்டுக் கொல்லையில், கார்ட்லெஸ் போனின் ஆன்டெனாவை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு, மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். என் கையிலும் எங்கள் வீட்டுக் கார்ட்லெஸ் இருந்தது. தோழியைக் கூப்பிடப் பொத்தானை அழுத்தினேன். டயல் டோன் வரவில்லை. அக்காவின் குரல் என் காதுக்குள் வந்தது.

“அத்தை வேலூர் போய்ட்டாங்க. வெள்ளிக்கிழமைதான் வருவாங்க. நானும் பாப்பாவும் மட்டும்தான்.”

பேச்சு முடிந்து, மஸ்கட் பக்கமும் போனை வைத்தாயிற்று. அக்கா உள்ளே போய்விட்டார். நான் பொத்தானை விடுவதற்குள் லைனில் யாரோ இருமினார்கள். ஆணின் இருமல். அவசரமில்லாதது. வெயில் இன்னும் இருந்தது. துணியை எடுக்காமலே கீழே இறங்கிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டெலிபோன் கருவிகள் பழுதுபார்க்கும் பல்லாவரம் கம்பெனி ஒன்றில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு வளைகுடாவிலிருந்து யார் லீவில் வந்தாலும், ஏற்கெனவே ஒரு வீட்டில் நன்றாக வேலை செய்த மாடலையே மற்றவர்களும் வாங்கிவரச் சொல்வார்கள். எங்கள் போனும் அக்காவின் கணவர் கொண்டுவந்ததுதான். மறுநாள் அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன்.

“இன்னாம்மா, போன்ல பேய் கீதா?” என்று சூப்பர்வைசர் சிரித்தார். திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒரே சேனல், ரகசிய எண் எதுவும் இல்லை. அதே மாடல் வைத்திருக்கும் எவரும் பக்கத்திலிருந்து கேட்கலாம், பேசவும் செய்யலாம்.

அன்று மாலையே அக்காவிடம் சொன்னேன். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஓகோ! என்ஜினீயரிங் படிச்சது இதுக்குத்தானா? புருஷன் பொண்டாட்டி பேசறத ஒட்டுக் கேக்கவா?”

“அக்கா, நான் கேட்டது தற்செயல். இன்னொரு ஆள் தெரிஞ்சே கேக்கறான்.”

“போடி, உனக்கு எல்லாத்துக்கும் பயம்.”

நிரூபிப்பதைத் தவிர வழியில்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் அதே லைனில் கம்பி போட்ட கறுப்பு போனும் இருந்தது. கார்ட்லெஸ்ஸைத் தொடாமல் கறுப்பு போனில் பேசச் சொன்னேன். எங்கள் மாடியிலிருந்து நான் பதில் சொன்னால் நம்புவதாக ஒப்புக்கொண்டார். மாடிக்கு ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

“ஹலோ, கேக்குதாடி?” என்றார் அக்கா, கேலியாக.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

“நல்லா கேக்குதே. பாப்பா சாப்ட்டுச்சா?” என்றது ஆண் குரல்.

அக்கா போனைக் கீழே போட்ட சத்தம் காதில் இடித்தது. சுற்றியிருந்த மாடிகளைப் பார்த்தேன். நான்கைந்து வீட்டு ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. எந்த ஜன்னலாகவும் இருக்கலாம். நான் நிற்பது அவனுக்குத் தெரிகிறதா என்று தோன்றியதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

தொலைபேசி அமைப்புகளில் ஓட்டை தேடுவதுதான் பின்னர் என் தொழிலாகியது. இப்போது கண்ணாடி அறையில் அமர்ந்து, கண்டுபிடித்ததை அறிக்கையாக எழுதி அனுப்புகிறேன். படிப்பவர்கள் ஆபத்தின் அளவு என்ன என்று கேட்பார்கள். அதை எழுதும்போதெல்லாம் அக்காவின் முகம் வரும். அன்று போனைப் போட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது அவர் பாப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தார். சோற்றுக் கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை.

“குன்றத்தூர்ல அண்ணன் வூட்டுக்குப் போறேன். ஆட்டோ கூட்டியா. போன்ல கூப்பிடாத, நடந்தே போ.”

முழுவதும் இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை நானும் அப்பாவும் அக்கா வீட்டைப் போய்ப் பார்த்தோம். பின்கதவுத் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது. பீரோ பூட்டியபடியே இருந்தது. எதுவும் திருடு போகவில்லை.