நூற்றுப் பன்னிரண்டு தூண்கள்

ஃபான் யூ-தாவுக்கு உயரம் நாலரை அடிதான். எங்கள் தேயிலை மலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறியவர்.

ஜப்பானியர் ஆட்சியில் எழுந்த மரக்கட்டடம் அது. தரைப்பலகைகளைக் குட்டைத் தூண்கள் ஒரு முழம் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. சுவரடியில் உள்ள காற்றுத் துவாரம் வழியாக அடியில் நுழையக்கூடிய ஒரே பெரியவர் யூ-தாவ். வருஷந்தோறும் புயல்காலம் முடிந்ததும் குத்தூசியோடு ஊர்ந்து போய் ஒவ்வொரு தூணையும் குத்திப் பார்ப்பார். கரையான் பிடித்திருந்தால் தச்சரான அவர் கணவர் புதுக்கட்டை செதுக்கித் தருவார். இவர் படுத்தபடியே பொருத்துவார். அதைச் செய்யச் சொன்னவர் யாருமில்லை.

கட்டடத்தை இடித்துவிட்டு கான்கிரீட்டில் கட்டலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தபோது, வென் என்ற இளம் பொறியாளர் பார்வையிட வந்தார். அறுபது வருஷ மரம், அடியெல்லாம் கரையான் தின்றிருக்கும் என்றார். தலைமையாசிரியரும், மூன்றாம் வகுப்பு ஆசிரியையான நானும் அவர் பக்கத்தில் நின்றிருந்தோம். யூ-தாவ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"உள்ள போய்ப் பாத்தீங்களா, தம்பி?"

"அதுக்குள்ள யாரு போவா, அக்கா?"

"நான் போவேன். நல்ல தூணுக்கு ரெண்டு தட்டு, கெட்டதுக்கு ஒண்ணு. நீங்க மேல நின்னு குறிச்சுக்குங்க."

காலணியைக் கழற்றிவிட்டு வென், கீழே யூ-தாவ் தட்டும் சத்தத்தைப் பின்தொடர்ந்து அறை அறையாக நடந்தார். பாடத்தை விட்டுப் பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம். நூற்றுப் பன்னிரண்டு தூண்களில் மூன்றுக்குத்தான் ஒற்றைத் தட்டு. ஒட்டடை படிந்த தலையோடு யூ-தாவ் வெளியே வந்தார்.

வென் உடனே நம்பிவிடவில்லை. நான்கு இடங்களில் பலகையைப் பெயர்த்து, அவரே குத்திப் பார்த்தார். எல்லாம் யூ-தாவ் தட்டிச் சொன்னபடியே இருந்தன. பிறகு குறிப்பேட்டில் முதலில் எழுதியிருந்ததை அடித்தார்.

"உங்க முழுப் பேரச் சொல்லுங்கக்கா. அறிக்கையில போடணும்."

வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்கும் மாணவியைப் போல நிமிர்ந்து நின்று யூ-தாவ் உரக்கச் சொன்னார்.

கட்டடம் தப்பியது. இப்போது அது பாதுகாக்கப்பட்ட சின்னம். வகுப்புகளும் அங்கேயே நடக்கின்றன. அறிக்கையின் ஒரு பக்கத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறோம்: "தூண்களை ஆய்ந்தவர்: ஃபான் யூ-தாவ், பள்ளிப் பணியாளர்." விருந்தாளி யார் வந்தாலும் யூ-தாவ் முதலில் அங்கேதான் அழைத்துப் போவார். படிக்கச் சொல்வார். அவர்கள் மெதுவாகப் படித்தால் பொறுமையிழந்து, தாமே சத்தமாகப் படித்துக் காட்டுவார்.