கோப்பையைத் தொட்ட மாமனார்

போன வாரம் தி.நகரில் ஒரு கோப்பையைத் தொட்டுவிட்டேன். திருடவில்லை, உடைக்கவில்லை. சும்மா துடைத்தேன்... அவ்வளவுதான். அதற்கே அடையாறில் ஒரு வீடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது.

சொல்கிறேன்.

என் மகள் சுதாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை கார்த்திக்குக் கிண்டியில் வேலை. தங்கமான பிள்ளை. ஆனால் என்னைப் போலவே கூச்ச சுபாவம். இந்த ஆறு மாதத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் இங்கேயே எழுதிவிடலாம்.

“சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?”

“ஆச்சு மாமா.”

“ஆபீஸ் எப்படிப் போகுது?”

“போகுது மாமா.”

அப்புறம் இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சில நாள் டிவி ஆப் ஆகியிருக்கும்.

அப்படிப்பட்டவரிடமிருந்து ஒரு மத்தியானம் போன். “மாமா, கால்பந்து லீக் பைனல் கப்பை தி.நகர்ல ஒரு துணிக்கடையில வெச்சிருக்காங்க. பார்க்கப் போறேன். வர்றீங்களா?”

கால்பந்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் மாப்பிள்ளை கூப்பிட்டிருக்கிறார்! மயிலாப்பூரில் என் பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன்.

கடைக்குள்ளே நீளமான வரிசை. கார்த்திக்கோடு அவர் சிநேகிதன் டில்லியும் நின்றிருந்தான். கோட்டூர்புரத்துப் பையன். மேட்சுக்கு மேட்சு கேலரியில் நின்று நம்ம ஊர் அணிக்காகப் பெரிய டிரம் அடிப்பவன்.

அந்த வரிசையில்தான் அதிசயம் நடந்தது — மாப்பிள்ளை பேசினார். நிறுத்தாமல் பேசினார்!

ஆரம்ப வருஷங்களில் பைனலை எந்த ஊரில் நடத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்களாம். இரண்டு அணிகளும் யாரோ ஒருவர் ஊரில் போய் ஆடும், வாடகைச் சத்திரத்தில் கல்யாணம் மாதிரி. இப்போது லீக்கில் மேலே நிற்கும் அணியின் ஊரில்தான் பைனல். இந்தத் தடவை பைனலுக்கு வந்திருக்கும் நம்ம அணியைவிட எதிரணி மேலே. அதனால் அவர்கள் ஊருக்குப் போய் ஆட வேண்டும்.

“ரெண்டு கலர் ரிப்பனும் ரெடியா இருக்கும் மாமா. ஜெயிக்கிறவங்க கலரைத்தான் கப்புல கட்டுவாங்க.”

“அப்ப அந்த இன்னொரு ரிப்பன்?”

கார்த்திக் யோசித்தார். “தெரியலையே மாமா... இதை யாரும் கேட்டதில்ல.”

எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தோற்றவர்கள்தான் முதலில் மேடையேறி மெடல் வாங்க வேண்டுமாம். ஜெயித்தவர்கள் இரு பக்கமும் நின்று கைதட்ட, நடுவில் இவர்கள் நடக்க வேண்டும். படி இறங்கும்போதே நிறையப் பேர் மெடலைக் கழற்றிவிடுவார்களாம். கேட்கவே பாவமாக இருந்தது.

“இன்னொரு முக்கியமான விஷயம் மாமா...” என்று அவர் ஆரம்பித்தபோது வரிசை சட்டென்று நகர்ந்துவிட்டது.

எதிரே கோப்பை. பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் மட்டும் யாரோ பிடித்த விரல் தடம், எண்ணெய்ப் பிசுக்கோடு. முப்பது வருஷமாகப் பாத்திரம் விற்பவன் நான். யோசிக்கவே இல்லை... கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

பின்னால் டில்லி அலறினான்.

“மாமா! இன்னா வேல பண்ணிக்கினு கீற? பைனலுக்கு முன்னாடி கப்பத் தொட்டா டீம் அவுட்டு!”

“துணியாலதானேப்பா தொட்டேன்?”

“துணி இன்னா, கிளவுஸ் போட்டுக்கினு தொட்டாலும் தொட்டதுதான்!”

“எனக்கு முன்னாடியே யாரோ தொட்டிருக்காங்களே?”

“அது அவங்க ஊர்க்காரனா இருப்பான். அந்தத் தோசம் அவங்களுக்கு. அதையும் நீ தொடச்சிட்டியே!”

கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கார்த்திக் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. டில்லி மாதிரி கத்தியிருந்தால் தேவலை. என்னைப் பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன். “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?” “ஆச்சு மாமா.”

ஆறு மாதம் கழித்துத் திறந்த கதவை நானே கைக்குட்டையால் சாத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பைனல். சுதா வற்புறுத்தியதால் அடையாறில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெளியூர் மேட்ச் என்பதால் டில்லியும் அங்கேதான் இருந்தான். ஹாலில் ஒரு மூலையில், மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்தேன். எதிரணி சீக்கிரமே ஒரு கோல் போட்டது. டில்லி டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

“பால் வாங்கிட்டு வரேன்” என்று எழுந்துவிட்டேன்.

பாலோடு திரும்பி வந்து படியேறும்போது மேலே ஒரே ஆரவாரம். நம்ம அணி கோல்! ஆசையாகக் கதவைத் தள்ளினால் டில்லி குறுக்கே நிற்கிறான்.

“நைனா, உள்ள வராத! நீ போனதும்தான் கோலு. அங்கியே நில்லு!”

சுதா பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஒரு டம்ளர் காபி நீண்டது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே மேட்ச் ‘பார்த்தேன்’.

ஆட்டம் சமனில் முடிந்தது. பெனால்டி என்றார்கள். அப்போது கதவு திறந்தது. கார்த்திக். முகம் வெளிறிப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னாச்சு மாப்பிள்ளை?”

“என்னால பார்க்க முடியல மாமா.”

உள்ளே “ஐயோ” என்று ஒரு சத்தம். நமக்கா, அவர்களுக்கா? தெரியவில்லை.

“மாப்பிள்ளை... அந்தக் கப்பு விஷயம்...”

“கோபமெல்லாம் இல்ல மாமா. டில்லி கத்தினதும் உங்க முகம் வாடிப்போச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம் நாள் ஆக ஆக, எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் தெரியல.”

அட! நான் கோபம் என்று நினைத்தது வெறும் கூச்சம்தானா? எனக்கும் இருக்கும் அதே வியாதியை அவரிடம் பார்த்தும் அடையாளம் தெரியவில்லையே!

அடுத்த பெனால்டிகள் போனதே தெரியவில்லை. பேசிக்கொண்டிருந்தோம். சுதா வைக்கும் ரசம் பற்றி... அவர் மேனேஜர் பற்றி... சிரித்துக்கூட விட்டோம்.

திடீரென்று கட்டடமே அதிர்ந்தது. டில்லி வெளியே பாய்ந்து வந்து எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். “கெலிச்சிட்டோம் மாமா!”

மூவரும் உள்ளே ஓடினோம். டிவியில் தோற்றவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். நம்ம பையன்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கார்த்திக்கும் தட்டினார்.

கொண்டாட்டம் கொஞ்சம் அடங்கியதும் டில்லி தீர்ப்புச் சொன்னான். “கோலு வந்தப்ப மாமா வெளிய. கப்பு வந்தப்ப மச்சியும் வெளிய. இனிமே எந்த பைனல்னாலும் ரெண்டு பேரும் படிக்கட்டுதான். மாத்தக் கூடாது!”

கார்த்திக் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் மறுக்கவில்லை! சம்பிரதாயங்கள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன போல... யாரோ ஒருவர் பயந்து எழுந்து போன நேரத்தில்.

பாவம், அடையாறிலேயே பெரிய கால்பந்து ரசிகர். இனி ஒரு பைனலையும் கண்ணால் பார்க்க முடியாது.

எனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை!